தறிக்குழியில் ஒரு ஸ்மார்ட் கடிகாரம்

கோவையில் வேலை பார்க்கும் மகள் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த கடிகாரம் இது. விலை 3,499 ரூபாய். சென்னிமலையில் கைத்தறியில் பெட்ஷீட் நெய்பவள் நான். நான்கு மாதமாகக் கழற்றாமல் கட்டியிருக்கிறேன்.

சார்ஜ் ஆறு நாள் நிற்கிறது. வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. ரப்பர் வாரில் வியர்வையும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து அரித்தது. துணி வாருக்கு மாற்றியதும் நின்றுவிட்டது.

அடிகளைச் சரியாக எண்ணுகிறதா என்று மலையில் சோதித்தேன். முருகன் கோயிலுக்கு 1,320 படிகள். மேலே போனதும் 1,574 காட்டியது. இடையிடையே சமதரையில் நடந்ததைச் சேர்த்தால் நியாயமான கணக்கு. மறுநாள் முழுக்கத் தறிக்குழியில்தான், அதாவது கால் மிதிக்கத் தறிக்கடியில் தோண்டிய குழியில்தான் இருந்தேன். சாப்பிடவும் நூல் சுற்றிய தார் எடுக்கவும் எழுந்ததைத் தவிர நடக்கவில்லை. மாலை நான்கு மணிக்குக் கை அதிர்ந்தது: 'பத்தாயிரம் அடி முடித்துவிட்டீர்கள், வாழ்த்துகள்!' ஊடுநூலைக் கொண்டுபோகும் நாடா ஓட, கடிகாரம் கட்டிய வலது கை கயிற்றைச் சுண்டியதையெல்லாம் அடி என்று எண்ணியிருக்கிறது. காலையிலிருந்து மிதித்துக்கொண்டிருந்த கால்கள் அதன் கணக்கிலேயே வரவில்லை.

பெட்டியின் மேல் விடியற்காலையில் கடற்கரையில் ஓடும் பெண்ணின் படம். செயலியில் நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள். டென்னிஸ் உண்டு, ஸ்கேட்டிங் உண்டு. நெசவு இல்லை, களையெடுப்பு இல்லை, செங்கல் சுமப்பது இல்லை. "'மற்றவை' என்று வைத்துக்கொள்ளுங்கள், அம்மா" என்றாள் மகள். அந்தச் சொல் எனக்கு வலித்தது. உடம்பை வருத்தி உழைப்பவர்களை விட்டுவிட்டு, ஓய்வு நேரத்தில் ஓடுபவர்களை மட்டுமே மனத்தில் வைத்து இதைச் செய்திருக்கிறார்கள். பத்தாயிரம் அடி என்ற இலக்கே 1965இல் ஜப்பானில் யமாசா நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. 'மான்போகெய்' என்றால் பத்தாயிரம் அடி அளவி. விற்பனைக்கு வைத்த பெயர், இன்று ஊரெல்லாம் ஆரோக்கியத்தின் அளவுகோலாகிவிட்டது.

மாற்ற முடியாததும் அல்ல. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்காக ஆப்பிள் நிறுவனம் 2016இல் தன் கடிகாரத்தில் அடிகளுக்குப் பதிலாகச் சக்கரம் தள்ளுவதை எண்ண வைத்தது. 'எழுந்து நில்லுங்கள்' என்ற நினைவூட்டலையும் அவர்களுக்கு ஏற்றபடி மாற்றியது. ஒரு உடம்பைக் கவனித்துப் பார்த்தால் இது முடிகிறது. தறியையும் அப்படிப் பார்க்கச் சொல்லிச் செயலியிலேயே இரண்டு முறை எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

இதயத் துடிப்புக்காக இதை வாங்கலாம். சும்மா இருக்கும்போது எனக்கு 74, நெய்யும்போது 108. "உட்கார்ந்த வேலைதானே" என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாற்பது வருடம் நெய்த அப்பாவிடம் அந்த எண்ணைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். பிறகு, "என் கையில் கட்டு, கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கினார்.