சென்னை விமான நிலையம் போய்வர: மெட்ரோ, மின்சார ரயில், பஸ், டாக்ஸி – எது தேறும், எது சறுக்கும்

சின்னமலையிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது 2016 செப்டம்பரில். கைப்பெட்டியோடு பகலில் பறப்பவர்களுக்கு இன்றும் இதற்கு ஈடு இல்லை. எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது. கார்டோ கியூஆர் டிக்கெட்டோ வைத்திருந்தால் 20 சதவீதம் குறையும். கத்திப்பாராவில் வண்டிகள் நகராமல் நிற்கும் மாலை ஆறு மணிக்கும் சென்ட்ரலிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

வழி பிடிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். விமான நிலையம் போவது நீல வழித்தடம். சென்ட்ரல், எல்ஐசி, தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை, கிண்டியில் ஏறுபவர்கள் மாறவே வேண்டாம். எழும்பூர் நிலையம் பச்சைத் தடத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரே நிறுத்தம் போய் சென்ட்ரலில் நீலத்துக்கு மாறுவதே சுருக்கம். பரங்கிமலை வண்டியில் உட்கார்ந்துவிட்டால் கோயம்பேடு, வடபழனி எல்லாம் சுற்றி ஆலந்தூரில் மாற வேண்டியிருக்கும். கோயம்பேட்டிலிருந்து பரங்கிமலை வண்டியில் வருபவர்களுக்கும் ஆலந்தூர்தான் மாறுமிடம். இரண்டு தடங்களும் வெவ்வேறு தளத்தில் இருப்பதால், பெட்டி இருந்தால் லிஃப்ட் எங்கே என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோ நிலையம் முனையங்களுக்கு நடுவே உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து மேல்நடைபாதை வழியே நடக்க வேண்டும். உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என இரண்டு இடங்களிலிருந்து கிளம்புகின்றன, பன்னாட்டுக்கு டி2. டிக்கெட்டில் முனைய எண்ணைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் நடந்துவிட்டால் போன வழியெல்லாம் திரும்பி வர வேண்டும். பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

பெரிய குறை நேரம். மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணியோடு கடைசி வண்டிகளை அனுப்பிவிடுகிறது. வளைகுடாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் போய்வரும் விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான். மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பும் தொழிலாளிக்கு மெட்ரோ மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது பூட்டிக் கிடக்கிறது. விடிய விடிய ரயில் ஓட்ட முடியாது, பராமரிப்புக்கு அந்த நேரம் வேண்டும் என்பது சரிதான். அந்த ஆறு மணி நேரத்துக்கு முனைய வாசலிலிருந்தே சென்ட்ரலுக்கும் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கும் அரை மணிக்கு ஒரு பஸ் விடலாமே! சாலை காலியாக இருக்கும் நேரம் அது.

மின்சார ரயிலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். திரிசூலம் நிலையம், விமான நிலையத்துக்கு முன்னால் போகும் ஜிஎஸ்டி சாலையின் எதிர்ப்பக்கம், சுரங்கப்பாதை தாண்டினால் வந்துவிடும். தென்மாவட்ட விரைவு ரயிலில் வருபவர்கள் எழும்பூர் வரை போகத் தேவையில்லை. தாம்பரத்தில் இறங்கி சென்னை கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். பத்து ரூபாய்க்குள் காரியம் முடிந்துவிடும். ஆனால் படி ஏறி இறங்க வேண்டும். 23 கிலோ பெட்டி இரண்டைத் தூக்கிக்கொண்டு முதியவர்களால் ஆகாது. அலுவலக நேரத்தில் பெட்டியோடு ஏறுவதும் பாடு.

பஸ்ஸில் ஒரு நுணுக்கம். தாம்பரம், கிளாம்பாக்கம் பக்கமிருந்து நகரத்துக்குப் போகும் பஸ் விமான நிலையத்தை ஒட்டியே நிற்கும். நகரத்திலிருந்து தாம்பரம் போகும் பஸ் எதிர்ப்பக்கம், திரிசூலம் நிலையத்தை ஒட்டி நிற்கும். ஆகவே விமானத்தில் வந்து கிளாம்பாக்கம் போகிறவர்கள் சாலையைக் கடந்தாக வேண்டும். நடுச்சுவரைத் தாண்டாதீர்கள், சுரங்கப்பாதையில் போங்கள்.

2023 டிசம்பர் இறுதியில் தென்மாவட்டப் பேருந்துகளுக்காகக் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டபோதே விமான நிலையத்தோடு அதற்கு நல்ல இணைப்பும் தயாராக இருந்திருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து அங்கே 15.46 கிலோமீட்டருக்கு மெட்ரோ நீட்டிப்புத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதுவரை பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஒவ்வொரு நெரிசலாகக் கடக்க வேண்டியதுதான். வெள்ளி மாலையிலும் பண்டிகைக்கு முந்தைய நாளிலும் இந்தப் பக்கமிருந்து காரில் வருபவர்கள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்; அல்லது தாம்பரத்தில் ரயிலுக்கு மாறிவிடுங்கள்.

டாக்ஸி: செயலியில் பிடிக்கும் வண்டிகள் முனைய வாசலுக்கு வராது, அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில்தான் ஏற்றும். டிராலியோடு அங்கே நடந்து, லிஃப்ட்டுக்கு வரிசையில் நின்று, சரியான தளத்துக்குப் போக வேண்டும். பெட்டி வரும் பட்டையருகே நின்றபடியே வண்டி கேட்காதீர்கள். ஓட்டுநர் முன்னதாக வந்துவிடுவார், காத்திருப்புக் கட்டணம் ஏறும் அல்லது பயணம் ரத்தாகும். ஏற்றும் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் கேளுங்கள். முதியவரோ குழந்தைகளோ கூட இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் ப்ரீபெய்டு டாக்ஸியே மேல்.

வாகன நிறுத்தத்துக்கு இன்னும் இரண்டு லிஃப்ட் வேண்டும். திரிசூலம் சுரங்கப்பாதையின் இரு வாயிலிலும் பெட்டியோடு ஏறக்கூடிய லிஃப்ட் எப்போதும் ஓட வேண்டும். இவற்றுக்கு மெட்ரோ நீட்டிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.