ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகும் திறக்குமா?

காரைக்குடியில் ஆய்வு மாணவர் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு மின்முனையோடு மல்லுக்கட்டுபவராகத்தான் இருப்பார். 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்த ஊரில் இருப்பதன் விளைவு அது. பேட்டரி, அரிமானம், சென்சார் என்று சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் அதே வாசனை. எனவே ஆய்வுத் தரவைப் பாதுகாப்பது பற்றிய இந்தக் குறிப்பில் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே. ஃபெலோஷிப் காலம் இளநிலை (ஜேஆர்எஃப்) 2 ஆண்டு, முதுநிலை (எஸ்ஆர்எஃப்) 3 ஆண்டு. அந்த 5 ஆண்டுகளையும், வெளியே போன பிறகு வரும் ஒன்றிரண்டு ஆண்டுகளையும் தாண்டி எந்தக் கருவி, எந்தப் பழக்கம் நிற்கிறது என்பதுதான் இங்கே அளவுகோல். முதல் மாதத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். சாயம் வெளுப்பது தீசிஸ் எழுத உட்காரும்போது.

அதிகம் கைகொடுப்பது காசு செலவில்லாத ஒன்று: கோப்புப் பெயர். 2024-03-07 என்று ஆண்டு முதலில், பிறகு மாதிரி எண், சோதனையின் பெயர், 01 என்று வரிசை எண், நடுவில் அடிக்கோடு. 07-03 என்று எழுதினால், அமெரிக்க முறைத் தேதி வைத்திருக்கும் கருவிக் கணினி அதை ஜூலை 3 என்று படிக்கும். 1, 2 என்று எண் போட்டால் 10 வந்து 2-க்கு முன்னால் உட்காரும். பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம். பழைய மென்பொருள்கள் அதில் தடுக்கி விழும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கிக்கொண்டே போனால், விண்டோஸில் முழுப் பாதை 260 எழுத்தை நெருங்கும்போது காப்பி ஆக மறுக்கும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் சார் பார்த்தது' வகையறாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எக்செல் வசதியானது, ஆனால் மூலத் தரவை அதில் நேரடியாகத் திறப்பது ஆபத்து. மாதிரியின் பெயர் 3-4 என்றால் அதைத் தேதியாக்கும். 2ஈ5 என்பதை (ஈ ஆங்கில எழுத்து) இரண்டு லட்சமாக்கும். சேமித்துவிட்டால் பழைய பெயர் திரும்பாது. இந்தத் தொல்லைக்குப் பயந்தே மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்களை 2020-வாக்கில் மாற்ற வேண்டி வந்தது. இரட்டைச் சொடுக்கால் திறக்காமல், டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து, அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்தால் தப்பலாம். இன்னொரு கண்ணி வரிசை எண்ணிக்கை. ஒரு தாளில் 10,48,576 வரிசைகள்தான். நொடிக்கு ஒரு புள்ளி பதியும் பேட்டரி சோதனை அதைச் சுமார் 12 நாளில் நிரப்பிவிடும். அதற்கு மேலுள்ள வரிசைகள் திறக்கும்போதே வெட்டுப்படும். அதே பெயரில் சேமித்தால் வெட்டுப்பட்டது போனதுதான்.

கருவி தரும் கோப்பு பெரும்பாலும் அந்த நிறுவன மென்பொருளில் மட்டுமே திறக்கும். லைசென்ஸ் ஆய்வகக் கணினியில் இருக்கும். மாணவர் கோயம்புத்தூரிலோ கொரியாவிலோ இருப்பார். எனவே அளவீடு முடிந்த அன்றே எழுத்து வடிவில் ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும். மூலக் கோப்பையும் அழிக்கக் கூடாது. கருவியில் வைத்த செட்டிங் விவரம் எல்லாம் அதில்தான் இருக்கும். மூலக் கோப்புகள் உள்ள ஃபோல்டரை 'படிக்க மட்டும்' என்று பூட்டிவிட்டு, கணக்குகளை வேறு ஃபோல்டரில் போடுவது நல்லது.

எண்கள் பத்திரமாக இருந்தும் பயன்படாமல் போவதுதான் அதிகம். காரணம், பக்கத்தில் எழுதாத குறிப்பு. ஒப்பீட்டு மின்முனை, அதாவது மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளந்தது, எது? 25 டிகிரியில், பொட்டாசியம் குளோரைடு நிறைவுற்ற கரைசலில் வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனை 0.197 வோல்ட், காலமல் (பாதரச குளோரைடு) மின்முனை 0.241, இரண்டும் ஹைட்ரஜன் மின்முனையைப் பூஜ்யமாக வைத்து. இரண்டுக்கும் வித்தியாசம் 44 மில்லிவோல்ட். சுமாரான வினையூக்கியைச் சூரனாகக் காட்ட அது போதும். பேட்டரி என்றால் எடை. பூசிய வட்டின் எடை, வெறும் தகட்டின் எடை இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும், கழித்து வந்த விடையை மட்டும் எழுதினால் பிறகு சரிபார்க்க வழியில்லை. 0.1 மில்லிகிராம் வரை மட்டும் காட்டும் தராசில் 2 மில்லிகிராம் பொருளை நிறுத்தால் பிழை 5 சதவீதம் என்பதும் குறிப்பில் இருக்கட்டும். 80:10:10 கலவையில் (செயற்பொருள், கார்பன், ஒட்டும் பொருள்) மொத்தப் பூச்சின் எடையால் வகுத்தார்களா, 80 பங்கு செயற்பொருளால் வகுத்தார்களா என்று தெரியாவிட்டால் அந்தக் கொள்ளளவு எண்ணை யாரோடும் ஒப்பிட முடியாது. வெப்பநிலை, எலக்ட்ரோலைட் அளவு, பாட்டில் திறந்த தேதி எல்லாம் சேர்த்து ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சாதாரண நோட்பேட் கோப்பு. அன்றைக்கே எழுதினால் ஐந்து நிமிடம். நான்காம் ஆண்டில் நினைவிலிருந்து எழுத முயன்றால் ஒரு வாரம், அதுவும் பாதி ஊகம்.

பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் கணக்கு, அங்கே பேரேட்டில் ஏறியதோடு நிற்காமல் ஊரிலிருக்கும் முதலாளிக்கும் வந்து சேர்ந்தது. செட்டிநாட்டில் பேக்கப் பற்றி விளக்க இதைவிட எளிய வழி இல்லை. மூன்று பிரதி, இரண்டு விதமான ஊடகம், அதில் ஒன்று வேறு ஊரில். கூகுள் டிரைவ் போன்ற ஒத்திசைவை (சிங்க்) பேக்கப் என்று நம்புவதுதான் பரவலான தவறு: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், பணம் கேட்டுப் பூட்டும் ரான்சம்வேர் வைரஸ் பூட்டிய கோப்பும் அப்படியே மேலே ஏறும். வாரம் ஒருமுறை காப்பி எடுத்துவிட்டுக் கழற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்க் அவசியம். பென்டிரைவ் போக்குவரத்துக்கு மட்டும். எல்லாரும் செருகும் கருவிக் கணினியில் ஷார்ட்கட் வைரஸ் தொற்றுவது அங்கிருந்துதான். ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பழைய கோப்பைப் பிரதியிலிருந்து திறந்து பார்க்க வேண்டும். திறந்தே பார்க்காத பிரதி இருந்தும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஸோட்டெரோ என்ற மென்பொருள் தாராளமாகப் போதும். இலவச இடம் 300 எம்பிதான். ஆனால் அது பிடிஎஃப் கோப்புகளுக்கான வரம்பு, நூற்பட்டியல் விவரம் அதற்குள் வராது. தமிழ்ப் பெயர்களை இரண்டு கட்டமாகப் பிரிக்கும் இடத்தில் ஒற்றைக் கட்டமாக மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் என்றதும், வேலைவாய்ப்பில் உண்மையாகவே இடிக்கும் விஷயம் இது. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆர்எம். அழகப்பச் செட்டியார் என்பதில் உள்ளது போன்ற ஈரெழுத்து இனிஷியலை மென்பொருள் இரண்டு தனிப் பெயர்களாகப் பிரித்துவிடும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் ஒரே பெயரில் பல ஆசிரியர்கள் வேறு. முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கடைசி வரை மாற்றாமல் இருக்க வேண்டும். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண் இலவசம். அதில் மற்ற வடிவங்களையும் 'வேறு பெயர்கள்' பகுதியில் சேர்க்கலாம். பலர் கோட்டை விடுவது மின்னஞ்சலில்: நிறுவன முகவரியை மட்டும் கொடுத்திருந்தால், அந்தக் கணக்கு மூடப்பட்டதும் கடவுச்சொல்லை மீட்பது பெரும் பாடு. சொந்த முகவரியையும் சேர்த்தே பதிய வேண்டும். கட்டுரையில் தொடர்பு முகவரிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

முடிந்த தரவைப் பொதுவில் வைக்க, ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஸெனோடோ என்ற தரவுக் களஞ்சியம் நன்று. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை, டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணும் கிடைக்கும். சிவியில் தனி வரியாகக் காட்டலாம். வெளியிட்ட பிறகு கோப்பை மாற்ற நினைத்தால் பொதுவாகப் புதிய பதிப்பாகத்தான் போக வேண்டியிருக்கும். அவசரம் வேண்டாம்: காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் பொதுவில் வைத்தால் புதுமை என்ற தகுதியே கேள்விக்குள்ளாகும். கைடிடம் வாய்மொழியாகக் கேட்டால் போதாது, மின்னஞ்சலில் கேட்டு அனுமதி வாங்குங்கள். எந்தத் தரவைக் கையோடு எடுத்துப் போகலாம், எது ஆய்வகத்துக்கே என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். வைவா தேதி குறித்த பிறகு கேட்டால் பதில் வர நாளாகும், அதற்குள் நிறுவன மின்னஞ்சல் கணக்கு மூடிவிடும்.