ஓபாட்ரை டூ 85எஃப்: கடலோரக் காற்றில் கோட்டிங் தாங்குமா?

சென்னையில் மணலி, மாதவரம் பக்கம் மாத்திரை தயாரிக்கிறவர்களுக்குத் தலைவலியே காற்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஷெட்டுக்குள் வருவது பாதி தண்ணீர். அந்த ஈரத்துக்கு ஈடுகொடுக்குமா என்று பார்த்துத்தான் மாத்திரை மேல் படலம் போடும் கோட்டிங் பவுடர் வாங்க வேண்டும். கலர்கான் கம்பெனியின் ஓபாட்ரை டூ 85எஃப் ஈடுகொடுக்கும், கொஞ்சம் நிபந்தனையோடு.

இது பாலிவினைல் ஆல்கஹால் அடிப்படையிலான ரெடிமிக்ஸ். வழக்கமான எச்பிஎம்சி (செல்லுலோஸ் வகைப் பொருள்) படலத்தைவிட நீராவியைக் குறைவாகவே உள்ளே விடும். அடுத்த லாபம் தண்ணீரில். எச்பிஎம்சி சீக்கிரம் கொழகொழவென்று ஆகிவிடும், கரைசலில் பவுடர் 12 சதவீதத்தைத் தாண்டினாலே சிரமம். இதை 20 சதவீதத்தில் அடிக்கலாம். 100 கிலோ கோருக்கு (கோட்டிங் போடாத மாத்திரை) 3 சதவீதம் எடை ஏற்ற 3 கிலோ பவுடர், 12 லிட்டர் தண்ணீர் போதும். எச்பிஎம்சி என்றால் 22 லிட்டர். நிமிடத்துக்கு 120 கிராம் ஸ்ப்ரே ரேட்டில் ஒரு மணி 20 நிமிடம் மிச்சம். கிலோ விலையை மட்டும் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும். (மாத்திரை உருளும் பானிலும், காற்று வெளியேறும் டக்டிலும் வீணாவதற்கு 10 சதவீதம் கூட எடுத்துக்கொள்ளுங்கள்.)

கலக்குவதில் பொறுமை வேண்டும். தண்ணீரின் நடுவில் சுழி விழும்படி ஸ்டிர்ரரை ஓட்டி, 5 நிமிடத்துக்குள் பவுடரைத் தூவி முடித்து, உடனே வேகத்தைக் குறைத்து 45 நிமிடம் விட வேண்டும். குறைக்க மறந்தால் நுரை கட்டும், ஸ்ப்ரே கன் விட்டுவிட்டு அடிக்கும். அடித்து முடியும்வரை மெதுவாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பவுடரில் உள்ள டால்க் அடியில் உட்கார்ந்துவிடும், கடைசி மாத்திரைகளின் நிறம் மாறும்.

பெரிய குறை, ஈரம் கூடினால் பசைபோல் ஒட்டும். பெட் டெம்பரேச்சர், அதாவது பானில் உருளும் மாத்திரைகளின் சூடு, 42 முதல் 45 டிகிரிக்குள் நிற்க வேண்டும். இறங்கினால், கேப்லெட்டின் (நீள மாத்திரை) தட்டையான பக்கங்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் ஒன்றின் தோல் மற்றொன்றில் உரிந்து வரும். ரொம்ப ஏறினாலும் ஆகாது: துளி விழுவதற்குள் காய்ந்து, மேல்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாகும். மழை நாளில் மீட்டர் ஏமாற்றும். இன்லெட், அதாவது உள்ளே வரும் காற்று, அதே 60 டிகிரி காட்டும், பெட்டும் சரியாகவே இருக்கும். ஆனால் ஈரக்காற்று தண்ணீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும். காற்றின் ஈரத்தை எடுக்கும் டீஹியுமிடிஃபையர் இல்லாத யூனிட், பானல் போர்டை நம்பாமல், கண்ணாடி வழியே மாத்திரை உருள்வதைப் பார்த்து ஸ்ப்ரே ரேட்டைக் குறைப்பதே வழி. வழுக்கிக்கொண்டு விழாமல் கொத்தாக நகர்ந்தால் உடனே குறையுங்கள்.

கசப்பை மறைப்பதில் குறை சொல்ல முடியாது. மெட்ரோனிடசோல் மாதிரி நாக்கில் பட்டாலே முகம் சுளிக்க வைக்கும் மருந்துக்கும், முழுதாய் விழுங்கும்வரை இந்தப் படலம் போதும். பாதியாக உடைத்தால் உடைந்த இடத்தில் கசப்பு அப்படியே இருக்கும். பான்டோபிரசோலுக்கு இது உதவாது. படலம் வயிற்றிலேயே கரைந்துவிடும், அங்குள்ள அமிலம் மருந்தைச் சிதைக்கும் என்பதால் அதற்குக் குடலில் போய்க் கரையும் என்டெரிக் கோட்டிங்தான்.

கிரானுல் (மாத்திரையாக அழுத்தும் மருந்துக் குருணை) சரியாகக் காயாமல் கோட்டிங் போட்டால் அந்த ஈரம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். வெளியே பளபளப்பு, உள்ளே மருந்து கெட்டுக்கொண்டிருக்கும். எந்தப் படலமும் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர முழுதாகத் தடுக்காது. ஈரம் பட்டால் சட்டென்று சிதையும் மருந்தை இதன் மேல் நம்பிக்கை வைத்துச் சாதாரண பிவிசி (பிளாஸ்டிக்) பிளிஸ்டரில் அடைக்காதீர்கள், இரு பக்கமும் அலுமினியம் உள்ள அலு-அலுவே போடுங்கள்.