இரண்டு இன்ஜினுக்கு ஒரே ஃபில்டரா, ஆளுக்கொன்றா?

எங்கள் போட் மும்பை பாவ்ச்சா தக்கா படகுத்துறையில் கட்டிக் கிடக்கிறது. நானும் மச்சானும் பங்கு போட்டு வாங்கியது. உள்ளே இரண்டு டீசல் இன்ஜின், இரண்டு டாங்க். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆளும் சாமானும் கொண்டுபோவதுதான் வேலை. வாங்கும்போதே இரண்டு இன்ஜினுக்கும் சேர்த்து ஒரே பெரிய வாட்டர் செபரேட்டர்தான் (டீசலிலிருந்து தண்ணீரையும் அழுக்கையும் பிரிக்கும் ஃபில்டர்) இருந்தது. இப்போது அதைக் கழற்றிவிட்டு ஆளுக்கொன்றாக மாட்டியிருக்கிறோம். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரே ஃபில்டரில் நல்லது இல்லாமல் இல்லை. வாங்கும் செலவு குறைவு, இடம் குறைவு, காலையில் திறந்து பார்க்க வேண்டிய பவுலும் (ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் தேங்கும் கிண்ணம்) ஒன்றுதான். மச்சானும் அதைத்தான் கேட்டான்: "ஓடிட்டிருக்கறத ஏன் மச்சான் மாத்தணும்?"

மழைக்காலம் முழுக்கக் கட்டிப்போட்டுவிட்டு முதல் ஓட்டம் போன அன்று அவனுக்கே பதில் கிடைத்தது. சங்க் ராக் கலங்கரை விளக்கைத் தாண்டியதும் இடது இன்ஜின் மூச்சுத் திணறியது. இரண்டு நிமிடத்தில் வலதும் அடங்கிவிட்டது. கடல் வற்றிக்கொண்டிருந்த நேரம், இழுப்பு அதிகம். நங்கூரத்தை இறக்கிவிட்டுக் கீழே போய் பவுலைப் பார்த்தேன். மேலே தேன் நிறத்தில் இரண்டு விரல் டீசல், அதற்குக் கீழே கட்டஞ்சாயா மாதிரி தண்ணீர், அதில் கறுப்பாக நூல் நூலாகப் பாசி. வடித்தபோது ஒரு டம்ளர் நிறைந்தது. பாதி காலியாகக் கிடந்த டாங்கில் காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்ந்த தண்ணீர் கொஞ்சம். டெக்கில் இருக்கும் டீசல் மூடியின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) வெடித்திருந்ததால் மழை இறங்கியது மிச்சம். தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில்தான் அந்தப் பாசி வளரும்; பாசி என்கிறோமே தவிர, உண்மையில் அது பூஞ்சையும் பாக்டீரியாவும்.

ஒன்று நின்றால் இன்னொன்றில் கரை சேரலாம் என்றுதானே இரண்டு இன்ஜின் போடுகிறோம்? இரண்டுக்கும் ஒரே தொண்டை என்றால் அந்தக் கணக்கே அடிபட்டுப் போகிறது.

அடுத்து, எந்த வகை என்ற கேள்வி. டப்பா மாதிரி திருகி மாட்டும் ஸ்பின்-ஆன், விலையில் மலிவு, எங்கும் கிடைக்கும். வெளியே தொங்கும் பெட்ரோல் மோட்டார்களுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை உறிஞ்சி, அளவு மீறினால் எத்தனாலோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும் என்பதால் அவற்றுக்கும் ஃபில்டர் அவசியம். ஆனால் அந்த மோட்டார்களில் நண்பர் ஒருவருக்கு இரண்டு முறை மாற்றிக் கொடுத்ததோடு சரி, அதற்கு மேல் எனக்கு அனுபவம் இல்லை.

எங்கள் வேலைக்கு நான் எடுத்தது மேலே மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் வடிகட்டியை (காட்ரிட்ஜ்) மட்டும் மாற்றும் வகை, ராகோர் கம்பெனியின் 500 மாடல். காரணம் ஒன்றே ஒன்று: நடுக்கடலில் மாற்றுவது. ஸ்பின்-ஆனைப் பட்டைச் சாவி போட்டுத் திருகிக் கழற்றும்போது டீசல் பில்ஜில் (படகின் அடிப்பள்ளத்தில்) கொட்டும், கை வழுக்கும், அலையில் டப்பாவை நேராகப் பிடிக்கவே தனி ஆள் வேண்டும். இதில் வால்வை மூடு, மேல் பிடியைத் திருகு, பழையதைத் தூக்கு, புதியதை இறக்கு, டீசலை விளிம்புவரை ஊற்றி மூடு. பத்து நிமிடம். விளிம்புவரை ஊற்றினால் பெரும்பாலும் காற்று எடுக்கும் வேலையும் மிச்சம்.

தனித்தனியாக மாட்டிய பிறகு நான் எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. மேல் பிடிக்குப் பதிலாக வாக்வம் கேஜ் வைத்திருக்கிறோம்; ஃபில்டர் அடைக்க அடைக்க இன்ஜின் எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்று காட்டும் மீட்டர் அது. முழு வேகத்தில் ஓடும்போது எவ்வளவு இழுத்தது என்று அதன் இரண்டாவது முள் அங்கேயே நின்று காட்டும். இரண்டு கேஜும் சேர்ந்து ஏறினால் கடைசியாக நிரப்பிய டீசல் மோசம். ஒன்று மட்டும் ஏறினால் அந்தப் பக்கத்து டாங்கோ காட்ரிட்ஜோதான். ஒரே ஃபில்டர் இருந்த காலத்தில் இந்த ஒப்பீட்டுக்கு வழியே இல்லை.

ஒரே நாளில் ஒரே இடத்தில் இரண்டு டாங்கையும் நிரப்பி, அந்த டீசலே கெட்டதாக இருந்தால், ஆளுக்கொன்று இருந்தும் இரண்டும் நிற்கலாம். அதற்கு ஒவ்வொரு இன்ஜினுக்கும் இரண்டு ஃபில்டர் வைத்து, ஓடும்போதே வால்வைத் திருப்பும் டூப்ளெக்ஸ்தான் பதில். விலை அதிகம், இடமும் வேண்டும். நான் அதை ஒரு பருவம்கூட ஓட்டிப் பார்த்ததில்லை. ராத்திரி ஓட்டம் அதிகம் உள்ளவர்கள் யோசிக்கலாம்.

மாட்டுபவர்கள் அளவில் ஏமாற வேண்டாம். இன்ஜின் எரிக்கும் டீசலை மட்டும் கணக்குப் போடக்கூடாது. டாங்குக்குத் திரும்பி ஓடுவதையும் சேர்த்துத்தான் ஃபில்டர் வழியாகப் போகிறது. ராகோர் 500 தாங்குவது மணிக்கு 227 லிட்டர், அதைவிடப் பெரிய 1000 தாங்குவது 681. காட்ரிட்ஜில் சிவப்பு 30 மைக்ரான், நீலம் 10, பழுப்பு 2; எண் குறையக் குறைய இன்னும் பொடியான அழுக்கையும் பிடிக்கும். நாங்கள் 10 போடுகிறோம். பழுப்பை முன்னால் போட்டால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பொடி அழுக்கைப் பிடிக்க இன்ஜினோடு வரும் ஃபில்டர் இருக்கிறது. இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், பிய்ந்த துணுக்கு உள்ளே போகும். திரவ சீலன்ட் பூசுங்கள். இது உறிஞ்சும் பக்கம் என்பதால் பழுது இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். மாட்டிய மறுநாளே இன்ஜின் நின்றால் முதலில் மேல் மூடியின் கேஸ்கெட்டை (காற்றுப் புகாமல் அடைக்கும் வளையத்தை) பாருங்கள். இன்ஜின் அறைக்குள் மாட்டினால் பிளாஸ்டிக் பவுலுக்குக் கீழே வெப்பம் தடுக்கும் உலோகக் கிண்ணமும் வேண்டும்.

போன வாரம் வாக்வம் கேஜில் வலது முள் 6 அங்குலத்தில் (பாதரச அளவு), இடது 3-இல் நின்றது. இரண்டு காட்ரிட்ஜும் ஒரே நாளில் போட்டவை. அதனால் இந்த ஞாயிறு வலது டாங்கைத்தான் திறந்து கழுவப் போகிறோம்.