கை நின்றது, நாக்கு இழுத்தது: மூளைக்குள் மின்கம்பியோடு ஆறு வருடம்

சந்தூர்ப் பக்கம் மாங்கன்று வளர்க்கிற குடும்பம் எங்களுடையது. ஒட்டு கட்டுவதுதான் என் தொழில். வேர்ச்செடியின் தண்டைப் பிளந்து, ஆப்பு மாதிரி சீவிய தாய்க்குச்சியைச் செருகி, பட்டையோடு பட்டை பொருந்த நாடாவால் இறுக்க வேண்டும். பொருத்தம் விலகினால் குச்சி காய்ந்துவிடும். அந்த வேலைக்கு என் கை 45 வயதிலேயே ஆகாமல் போனது.

மடியில் சும்மா கிடந்தால் கை ஆடாது. கத்தியையோ டம்ளரையோ பேனாவையோ எடுத்தால்தான் ஆடும். அப்பாவுக்குத் தலை ஆடும். பந்தியில் பரிமாறுகிறவர்கள் வேண்டாம் என்கிறார் என்று நினைத்து அடுத்த இலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு ரசம் என்றாலே பயம். களி இருந்தால் கவலையில்லை, கை எப்படி ஆடினாலும் உருண்டை சிந்தாது. ஊரில் குடிகாரன் என்று பேர். வேடிக்கை என்னவென்றால், பலருக்கு இந்த நடுக்கம் கொஞ்சம் குடித்தால் சற்று நேரம் அடங்குமாம். நான் குடிக்காததால்தான் குடிகாரன் மாதிரித் தெரிந்திருக்கிறேன்.

முதலில் பார்த்த மருத்துவர் பார்க்கின்சன் என்று சொல்லி ஒரு வருடம் மாத்திரை கொடுத்தார். பலனில்லை. பிறகு பெங்களூரில் காகிதத்தில் ஒரு சுருள் வரையச் சொன்னார்கள். என் கை முறுக்கு பிழிந்து வைத்தது. எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்க நோய், பல குடும்பங்களில் பரம்பரையாக வரும் என்றார்கள். ப்ரோப்ரனலால் என்ற மாத்திரை இரண்டு வருடம் கை கொடுத்தது. அப்புறம் நாடித்துடிப்பு குறைந்து கிறுகிறுப்பு வந்தது. ப்ரிமிடோன் என்ற இன்னொரு மாத்திரை போட்டால் பகலெல்லாம் தூக்கம்.

2019-இல் மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கும் அறுவை சிகிச்சை. 1987-லிருந்தே பிரான்சின் கிரனோபிளில் மருத்துவர் பெனாபிட் குழுவினர் செய்துவந்த முறை என்று மருத்துவர் விளக்கினார். மொட்டை அடித்து, தலையில் உலோகச் சட்டத்தைத் திருகினார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும் அந்த அழுத்தம் மறக்காது. மண்டையில் துளை போடுகிற சத்தம் உள்ளேயிருந்து கேட்கும், ஏனென்றால் நாம் விழித்திருக்கிறோம். வலக்கைக்காக இடப்பக்க மூளையில், தலாமஸ் என்ற இடத்தில் கம்பி. மின்சாரம் கொடுத்துவிட்டு மறுபடி சுருள் வரையச் சொன்னார்கள். வந்தது. மேசையிலேயே அழுதுவிட்டேன். பேட்டரியைக் காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்து, காதுக்குப் பின்னால் வழியாகக் கம்பி இழுத்தார்கள். செலவு 8 லட்சத்துக்கு மேல். ஒரு துண்டு நிலம் போனது.

எனக்கு யாரும் அழுத்திச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். மின்சாரத்தைக் கூட்டினால் கை கல் மாதிரி நிற்கும், ஆனால் நாக்கு இழுக்கும். குறைத்தால் பேச்சு தெளியும், கை ஆடும். கையா நாக்கா என்று தினமும் நானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகக் கையடக்க ரிமோட்டில் இரண்டு அளவுகள் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆடி, ஆவணியில் ஒட்டு கட்டும்போது கூடுதல். ஆந்திர வியாபாரி போனில் கூப்பிட்டால் வீட்டுக்காரி, “ஏங்க, மிஷினைக் குறைச்சுட்டுப் பேசுங்க” என்பாள். ஒருமுறை குறைக்காமல் பேசி, காலையிலேயே போட்டுவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்! பழைய பேர் புது வழியில் வந்தது.

இரவில் அணைத்துவிடுவேன். பேட்டரியும் மிச்சம், உடம்பும் மின்சாரத்துக்கு அவ்வளவு சீக்கிரம் பழகிப்போகாது என்பார்கள். காலையில் போட்டதும் விரல்களில் ஒரு நொடி சுரீர் என்று ஓடும். அப்படியும் வருடத்துக்கு ஒருமுறை பெங்களூர் போய் அளவைத் திருத்த வேண்டியிருக்கிறது. என்னுடையது சார்ஜ் ஏற்ற முடியாத வகை. ஐந்தாம் வருடத்தில் பேட்டரி மாற்றினேன், அதற்கும் பெரிய தொகை. சார்ஜ் ஏற்றும் வகை கிடைத்தால், விலை கூடினாலும் அதையே கேளுங்கள்.

போன வருடம் தோள்வலிக்குப் போன இடத்தில் டயாதெர்மி என்ற, உடம்புக்குள் சூடேற்றும் கருவியை வைக்க வந்தார்கள். பேட்டரி அட்டையைக் காட்டி நிறுத்தினேன். அந்தச் சூடு கம்பி வழியாக மூளைக்கே போய்விடும், உயிருக்கே ஆபத்து. அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

இடக்கை இன்னும் ஆடுகிறது. மறுபக்கமும் கம்பி வைத்தால் பேச்சும் நடையும் மேலும் கெடலாம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். செடியைப் பிடிக்க மகன் இருக்கிறான், கத்தி என் கையில். முன்பு நாளுக்கு 300 கட்டினேன், இப்போது 150. இந்த ஆடியில் கட்டிய செந்தூரா ஒட்டுகள் துளிர்விட்டிருக்கின்றன. காய்ந்த குச்சிகளை நாளைக்குத்தான் எண்ண வேண்டும்.