ரைஃபிளும் துல்லியமும்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

ஒவ்வொரு முறையும் கையால் தாழை இழுத்துத் தோட்டா ஏற்றும் (போல்ட் ஆக்ஷன்) .22 அங்குல ரைஃபிள் ஒன்றை இலக்குச் சுடும் பயிற்சிக்காக 50 மீட்டர் தொலைவில் நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கியபோது, அது ஒரு எம்ஓஏ (கோண அளவு) துல்லியம் உடையது என்று தயாரிப்பாளர் உறுதி கூறியிருந்தார். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான இந்த அளவு 50 மீட்டரில் ஏறத்தாழ 14.5 மில்லிமீட்டர் ஆகும். அந்த உறுதிமொழி பொய்யன்று. ஆனால் அது எத்தனை குண்டுகளைக் கொண்டு, எந்தத் தோட்டாவில் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒரே குறியில் சுட்ட குண்டுகளில் மிகத் தள்ளி விழுந்த இரண்டின் மையங்களுக்கு இடையேயான தூரமே குரூப் அளவு. மூன்று குண்டுகளில் சராசரியாக 15 மில்லிமீட்டர் குரூப் தரும் துப்பாக்கி, அதே நிலையில் ஐந்து குண்டுகளில் சுமார் 19, பத்தில் சுமார் 24 மில்லிமீட்டர் தரும். துப்பாக்கி மோசமாகிவிடவில்லை, குண்டுகள் கூடக் கூட ஓரத்துக்குச் செல்லும் வாய்ப்பும் கூடுகிறது, அவ்வளவுதான். ஆகவே பையில் வைத்துக்கொண்டு நண்பர்களிடம் காட்டும் அந்த ஒரே ஒரு நல்ல இலக்கு அட்டையை நான் கணக்கில் எடுப்பதில்லை. விலகிப்போன குண்டை "அது என் தவறு" என்று நீக்காமல், ஐந்து குண்டுக் குரூப்கள் பலவற்றின் சராசரியையே நம்புகிறேன். நடுத்தர விலைத் தோட்டாவில் அது 15 முதல் 20 மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. இந்த வகைத் துப்பாக்கிக்கு அது நல்ல அளவென்றே கருதுகிறேன். பன்னாட்டு 50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், குண்டின் விளிம்பு தொட்டாலே மதிப்பெண் உண்டு என்பதால், சரியாக மையம் கொண்ட 15 மில்லிமீட்டர் குரூப் முழுவதும் பத்தாகவே எண்ணப்படும்.

மிகப் பெரிய வேறுபாட்டைத் தோட்டாவில்தான் கண்டேன். ஒரே பெயரில் வரும் தோட்டாவே தயாரிப்புத் தொகுதி மாறினால் வேறுவிதமாகச் சுடுகிறது. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, குழலுக்குள் புதிய தோட்டாவின் மசகு படியும்வரை முதல் சில குண்டுகள் அலைகின்றன. வேகம் கூடிய தோட்டா காற்றை எளிதில் வெல்லும் என்ற எண்ணமும் இங்கே பொருந்தாது. ஒலிவேகத்தைத் தாண்டிப் புறப்படும் .22 குண்டு அதற்கேற்பக் கூடுதலாக வேகமிழப்பதால், பக்கக்காற்றில் மெதுவான குண்டைவிட அதிகமாகவே விலகும். போட்டித் தோட்டாக்கள் ஒலிவேகத்துக்குக் கீழே வைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

துப்பாக்கியின் விசையும் தோளில் தாங்கும் கட்டையும் எனக்கு நிறைவாகவே உள்ளன. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை மட்டும் மாற்றினேன். இடமாறு பிழை 100 கெஜத்துக்குச் சரிசெய்யப்பட்ட பழைய ஸ்கோப்பில் 50 மீட்டரில் நோக்கும்போது, தலை சற்று நகர்ந்தாலே குறி சில மில்லிமீட்டர் பெயர்கிறது. தொலைவுக்கேற்ப அதைத் திருத்தும் வசதியுள்ள ஸ்கோப் வந்தபின், மணல் மூட்டைமேல் வைத்துச் சுடும் குரூப்கள் ஓரளவு சுருங்கின. நின்றபடி சுடும்போது எந்த வேறுபாடும் தெரியவில்லை. அங்கே என் உடல் ஆட்டம் துப்பாக்கியின் பிழையைவிடப் பன்மடங்கு பெரிது.