மஸ்டாங்கிலிருந்து ஜப்பான் காருக்கு: மாறுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை

அமெரிக்காவில் காரை மாற்றியமைப்பவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பார்கள். ஃபோர்டு, ஷெவர்லே, டாட்ஜ் வைத்திருப்பவர்கள் டொமஸ்டிக், அதாவது உள்நாட்டு அணி. ஹோண்டா, டொயோட்டா, நிஸான், மிட்சுபிஷி, சுபாரு வைத்திருப்பவர்கள் இம்போர்ட், அதாவது இறக்குமதி அணி. இந்தப் பிரிவு பிராண்டின் பெயரைப் பார்ப்பதே தவிர, கார் எங்கே உருவானது என்று பார்ப்பதில்லை. 1993 முதல் 2002 வரை வந்த ஷெவர்லே கமாரோ கனடாவின் க்யூபெக்கில் தயாரானது. அதே ஆண்டுகளில் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய ஹோண்டா சிவிக் பலவும் ஒஹாயோவில் தயாரானவை.

ஃபோர்டின் பழைய 5.0 (ஐந்து லிட்டர் எஞ்சின்) மஸ்டாங்கையோ கமாரோவையோ வைத்து நாலைந்து வருஷம் வேலை செய்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஜப்பான் கார் மேல் கண் போகும். அவர்களுக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிரைத்திறனுக்காக மட்டும் மாறுவதாக இருந்தால் வேண்டாம். கார் வளைவில் நடந்துகொள்ளும் விதத்துக்காகவும், எஞ்சின் உச்சச் சுற்றில் பாடுவதற்காகவும் என்றால் தாராளமாக மாறலாம்.

காரணத்தை எண்களிலேயே பார்க்கலாம். 1987 முதல் 1992 வரையிலான மஸ்டாங் 5.0 எஞ்சினின் உண்மையான கொள்ளளவு 4.9 லிட்டர், சக்தி 225 குதிரைத்திறன். லிட்டருக்குச் சுமார் 45. ஹோண்டாவின் இன்டெக்ரா டைப் ஆர் வெறும் 1.8 லிட்டரில் 195 குதிரைத்திறன் தந்தது, லிட்டருக்கு 108. பார்த்தவுடன் இன்டெக்ராவே கெட்டிக்கார எஞ்சின் என்று தோன்றும். கெட்டிக்கார எஞ்சின்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மாற்றியமைப்பவரின் கண்ணால் பாருங்கள். அந்த எஞ்சினிலிருந்து எடுக்க வேண்டியதையெல்லாம் ஹோண்டாவின் பொறியாளர்களே எடுத்துவிட்டார்கள். அதில் எக்ஸாஸ்டும் (புகை வெளியேறும் வழி) இன்டேக்கும் (காற்று உள்ளே வரும் வழி) மாற்றினால் சத்தம் கூடும், சக்தி கொஞ்சம்தான் கூடும். மஸ்டாங்கில் நிலைமை தலைகீழ். சிலிண்டர் ஹெட், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), இன்டேக் மூன்றையும் சேர்த்து மாற்றினாலே அது வேறு காராகிவிடும். மூச்சடைத்த எஞ்சினாக அதை விற்றார்கள், அடைப்பை எடுக்கும் வேலை நமக்கு மிச்சமிருக்கிறது.

டர்போவோடு (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) பிறந்த ஜப்பான் எஞ்சின்களின் கதையே வேறு. டொயோட்டாவின் நான்காம் தலைமுறை சுப்ராவில் வந்த 2ஜேஇசட்-ஜிடிஇ, நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26, மிட்சுபிஷியின் 4ஜி63 மூன்றுக்கும் வார்ப்பிரும்பு பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சினின் உடல்). பூஸ்ட்டை, அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டி, அதற்கேற்ப எரிபொருளையும் கொடுத்தால் சக்தி ஏறிக்கொண்டே போகும். உள்ளே பிஸ்டனைத் தொடாமலே 600 குதிரைத்திறனைத் தாண்டிய 2ஜேஇசட்கள் ஏராளம். பழைய 5.0 மஸ்டாங்கின் பிளாக்கோ 500ஐ நெருங்கும்போதே நடுவில் பிளந்துகொள்வதில் பேர்போனது. ஆக, உச்சவரம்பு ஜப்பான் பக்கம்தான் உயரம். அந்த வரம்பைத் தொடப்போகிறோமா என்பதுதான் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது. 350, 400 போதுமென்றால் மஸ்டாங்கின் வி8தான் (எட்டு சிலிண்டர் எஞ்சின்) எளிய வழி, அதுவும் மிதித்த கணமே கிடைக்கும். பெரிய ஒற்றை டர்போ போட்ட சுப்ராவில் பூஸ்ட் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, கையில் இருக்கும் அனுபவம் முழுதாக நம்மோடு வராது. டர்போ இல்லாத வி8ல் டியூனிங் சற்றுத் தவறினால் பெரும்பாலும் கார் மந்தமாக ஓடும், பெட்ரோல் குடிக்கும், அவ்வளவுதான். பூஸ்ட்டில் எரிபொருள் கலவை மெலிந்து நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்தால் சில நொடிகளில் பிஸ்டன் போய்விடும். அதனால் டர்போ காருக்கு வாங்கும் முதல் பொருள் காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டராக இருக்கட்டும், பூஸ்ட்டைத் தொடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

சஸ்பென்ஷனில் போட்டியே இல்லை. மஸ்டாங் வரிசை 2014 மாடல் வரை பின்புறம் இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே துண்டு ஆக்சிலோடு வந்தது, 1999 முதல் 2004 வரையிலான கோப்ரா மாடல் மட்டும் விதிவிலக்கு. 1992-95 சிவிக்கில் நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் தனித்தனிக் கைகள் தாங்கும் அமைப்பு), எடையும் ஏறக்குறைய ஒரு டன்தான். முன்சக்கர இழுவை என்பதால் சக்தியைக் கூட்டக் கூட ஸ்டியரிங் கையைப் பிடுங்கும், அது உண்மை. இருந்தாலும் வளைவில் அந்த லேசான உடம்பு தரும் சந்தோஷத்தை மஸ்டாங்கில் காசு கொட்டியும் வாங்க முடியாது. ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்32 தலைமுறையோ இன்னொரு உலகம். சாதாரணமாகப் பின்சக்கரத்தால் ஓடும், பிடி நழுவும்போது தானாகவே முன்சக்கரத்துக்கும் சக்தியைப் பகிரும்.

உதிரிபாகத்தில் மஸ்டாங் சொகுசுக்கார வாழ்க்கை வாழ்கிறது. அமெரிக்காவில் எந்த ஊரிலும் கிடைக்கும், பழைய கார்களிலிருந்து கழற்றியும் எடுக்கலாம். சிவிக்குக்கும் அப்படித்தான். அங்கே விற்கப்படாத ஆர்32க்கு ஒரு சின்ன சாமானுக்காகக்கூட ஜப்பானிலிருந்து வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். தினமும் வேலைக்குப் போக அதுவே ஒரே கார் என்றால் இந்தக் காத்திருப்பு கசக்கும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கென்று தயாரிக்கப்படாத கார், தயாரான நாளிலிருந்து 25 ஆண்டு முடிந்தால்தான் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்குப் பெறும். அப்படித்தான் 1989ல் வந்த ஆர்32 2014லும், 1999ல் வந்த அதன் பிந்தைய தலைமுறையான ஆர்34 2024லும் உள்ளே வர வழி கிடைத்தது. கலிஃபோர்னியாவில் அது மட்டும் போதாது, புகை விதிகளுக்குத் தனியே தேர்ச்சி பெற வேண்டும். நீங்கள் மாட்டும் பாகத்துக்கும் மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். மஸ்டாங்குக்கு அந்த எண்ணோடு நிறையப் பாகங்கள் உண்டு, ஸ்கைலைனுக்குத் தேடினாலும் கிடைப்பது அரிது.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்1 என்ற வி8 எஞ்சினைத் தூக்கி நிஸான் 240எஸ்எக்ஸிலோ மாஸ்டா ஆர்எக்ஸ்-7லோ வைப்பது. கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட்டின் மேல் இடம் மிச்சமாகும், அலுமினியம் என்பதால் எடையும் மூக்கில் அதிகம் ஏறாது. வி8 அனுபவம் வீணாகாமல் ஜப்பான் உடம்பின் திருப்பமும் கிடைப்பதால் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். வெல்டிங்கும் வயரிங்கும் தெரிந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் ஜப்பான் கார்தான் என்று முடிவெடுத்தால், யாரும் கைவைக்காத காராகத் தேடுங்கள். சுப்ரா என்றால் உள்ளே இருப்பது டர்போ எஞ்சினா, டர்போ இல்லாத 2ஜேஇசட்-ஜிஇயா என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். ஆரம்பகால ஆர்32 என்றால் கிராங்க்கின் (எஞ்சினின் பிரதான சுழல்தண்டு) முனையில் ஆயில் பம்பைச் சுழற்றும் பகுதி குட்டையானது, அதிகச் சுற்றில் பம்ப் உடையக் காரணமாவதும் அதுதான். அதைச் சரிசெய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் பூஸ்ட்டைத் தொடும் முன்பே எஞ்சினை இறக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மஸ்டாங்கை அதுவரை விற்காதீர்கள்.